ஓசையை அடைக்கும் ஆசாரிகள்

சென்னை சாலிகிராமத்திலும் வடபழனியிலும் மாடி வீட்டுப் படுக்கையறைகள் ஒவ்வொன்றாக ஒலிப்பதிவு அறைகளாகி வருகின்றன. டப்பிங், விளம்பரம், ஒலிப்புத்தகம் என்று குரலை நம்பிப் பிழைப்பவர்கள் நல்ல மைக் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். மைக் வந்த பிறகுதான் தெருவின் இரைச்சல் முழுதாகக் கேட்கிறது. ஸ்டுடியோ கட்ட வசதியில்லாத இவர்களுக்குச் சின்னச் செலவில் அறையை அடைத்துத் தரும் ஆசாரிகள் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன்.

இரண்டாம் மாடி, வாடகை வீடு, பத்துக்கு எட்டு அறை. வீட்டில் இருப்பவர் பின்னணிக் குரல் கலைஞர். அவரால் செலவழிக்க முடிந்தது 25,000 ரூபாய். சுவரை இடிக்கக் கூடாது. காலி செய்யும்போது அறை பழையபடி இருக்க வேண்டும். முன்பு வேறொருவர் வந்து சுவர் முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பணம் போனது, பஸ் ஹாரன் போகவில்லை.

ஆசாரிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கூட வேலை செய்யும் இளைஞர் அவருடைய அக்கா மகன். ஆசாரி சுவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, மருமகனை டார்ச்சோடு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

“கீழ அடிடா… அப்படியே நிலையோரமா மேல வா.”

“தெரியுதா மாமா?”

“தெரியுது, தெரியுது. விரல் நுழையிற மாதிரி தெரியுது.”

கதவின் அடியில் ஒரு கோடு, பூட்டுத் துவாரம், ஏ.சி. குழாய் போகும் ஓட்டை என்று வெளிச்சம் கசிந்த இடமெல்லாம் சாக்பீஸால் குறி விழுந்தது. “வெளிச்சம் வர்ற இடத்துல காத்து வரும் சார். காத்து வர்ற இடத்துல சத்தம் வரும். இதை அடைக்காம சுவத்துல என்ன ஒட்டினாலும் தண்டம்தான்” என்றார்.

அவர் பழக்கத்தில் கண்டதைக் கணக்கும் சொல்கிறது. பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் அளவுக்குச் சத்தத்தைத் தடுக்கும். அதே சுவரில் நூற்றில் ஒரு பங்கு பரப்பு திறந்து கிடந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. சொட்டுகிற குடத்துக்குப் பக்கவாட்டில் எத்தனை பூச்சுப் பூசினாலும் தண்ணீர் நிற்காது அல்லவா, அப்படித்தான் இதுவும்.

ஆகவே பணத்தின் பெரும்பகுதி கதவுக்கும் ஜன்னலுக்கும் போனது. உள்ளே பொள்ளலான பழைய ஃபிளஷ் கதவின் மேல் 18 எம்.எம். பிளைவுட் ஒன்றை இறுக்கினார்கள். கதவின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எடை இரட்டித்தால் தடுப்பு 5, 6 டெசிபல் கூடும். இவ்வளவு கனத்தைப் பழைய மூன்று கீல்கள் தாங்காதென்று நான்காவது கீல் போட்டார். நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங் ஓடியது. கதவடியில் பலகை அடித்து, சாத்தும்போது ரப்பர் தரையோடு படியும்படி செய்தார். கதவு லேசாக இழுபட்டதும் கழற்றி, இழைத்து, மறுபடி மாட்டினார். ஒரு நூல் இடைவெளிக்காக அவர் பட்ட பாட்டை அறையின் வேறெந்த மூலைக்கும் படவில்லை.

ஜன்னலுக்குச் சட்டத்தின் அளவுக்கே பிளைவுட் அடைப்பு ஒன்று தயாரானது. ஓரத்தில் ஃபோம் டேப், நடுவில் இரண்டு கைப்பிடி. பேசும் நேரத்தில் அழுத்தி மாட்டலாம். மற்ற நேரத்தில் கழற்றிக் காற்று வாங்கலாம். ஓட்டைகளைச் சிலிக்கோன் வைத்து மூடினார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே உள்வேலை. வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு, உள்ளே எழும் எதிரொலியை விழுங்குவது வேறு. முதலாவதற்குக் கனமும் அடைப்பும் வேண்டும். இரண்டாவதற்குக் காற்றோட்டமான, நாரான பொருள் வேண்டும். வீட்டில் முட்டை அட்டை ஒட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அந்த அட்டைக்குக் கனமும் இல்லை, தடிமனும் இல்லை.

எதிரொலியைக் கணக்கில் கொண்டுவந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் அங்கிருந்த ஓர் அரங்கில் பேச்சு புரியவில்லை என்று அதைச் சரிசெய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். பேசி நிறுத்திய பின்னும் ஒலி ஐந்து நொடிக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. கையில் காசில்லாதவருக்கும் அந்தச் சோதனையில் வழி இருக்கிறது. இலவம் பஞ்சு மெத்தை, தடித்த ஜமக்காளம், துணி நிறைந்த அலமாரி எல்லாமே எதிரொலியை விழுங்கும்.

இங்கே ஆசாரி ரீப்பர் கட்டையில் நாலுக்கு இரண்டு அடிச் சட்டங்கள் செய்து, உள்ளே இரண்டு அங்குல ராக்வூல் (பாறையிலிருந்து செய்யும் நார்ப் பஞ்சு) வைத்து, பருத்தித் துணி இழுத்து மூடினார். மருமகன் அறைக்குள் கைதட்டிக்கொண்டே நகர, மாமா காதால் கேட்டுச் சட்டத்தின் இடத்தைச் சொன்னார். சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினார்கள். பின்னால் இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலியும் கொஞ்சம் அடங்கும்.

கொஞ்சம்தான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்கு அருகில். பஸ் எஞ்சினின் உறுமலை இரண்டங்குலச் சட்டம் என்ன செய்யும்? ஆசாரி இதை மறைக்கவில்லை. “மேல் வீட்டுல நடக்கிறது, வண்டி உறுமுறது ரெண்டும் இருக்கும்மா. பேச்சுச் சத்தம், ஹாரன், மிக்சி குறையும். முழுசா நிக்கும்னு சொன்னா பொய்” என்று அந்தக் கலைஞரிடம் முன்பே சொல்லியிருந்தார்.

பழைய ஃபோமைப் பிய்த்தெடுக்க வைத்ததும் அவர்தான்; அது சட்டென்று பற்றும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதியில் வாணவேடிக்கைப் பொறி சுவரிலிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். ராக்வூல் எரியாது.

ஆனால் ராக்வூல் அறுப்பவர்களின் கையைக் கேட்க வேண்டும். அதன் தூசு தோலில் குத்தி அரிக்கும். அந்த இளைஞர் முழுக்கைப் பழைய சட்டை போட்டு, மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார். மொட்டைமாடியில் பிளைவுட் அறுக்கும் மெஷின் அருகில் நின்றால் சத்தம் 100 டெசிபலை ஒட்டி வரும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்கிறது அமெரிக்காவின் தொழில்சார் ஆரோக்கிய ஆய்வு நிறுவனமான நியாஷ். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். இவர்கள் காதில் ஒன்றும் வைப்பதில்லை. ஆசாரியிடம் நான் கேட்ட கேள்விகளில் பலவற்றை மருமகன்தான் அவர் காதருகே மறுபடி சொன்னார்.

வேலை முடிந்து கலைஞர் ஒரு பக்கம் வாசித்துப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டார். ஹாரன் எங்கோ தூரத்தில். மேல் வீட்டுக் காலடி அப்படியே. “இது போதும்ணே, இனி பகல்லயும் பேசலாம்” என்றார். ஆசாரிக்குக் கிடைத்தது நாள்கூலி.

நீங்கள் உங்கள் வீட்டில் இப்படி ஓர் அறை செய்வதானால், சுவரை விட்டுவிட்டுக் கதவிடுக்கில் தொடங்குங்கள். சட்டென்று பற்றும் பொருளைச் சுவரில் ஒட்டாதீர்கள். கதவைப் பொறுமையாக இழைத்து மாட்டத் தெரிந்தவருக்கு நல்ல கூலி கொடுங்கள். பட்ஜெட்டின் முதல் வரியில் இரண்டு ஜோடி காதடைப்பானும் இரண்டு முகக்கவசமும் கையுறையும் எழுதுங்கள். மற்ற பொருள்களோடு பார்த்தால் மிகச் சிறிய தொகை அது. உங்கள் அறைக்கு அமைதி தருகிறவர் தன் செவியை இழக்கக் கூடாது.