ஒரே முதலாளி, ரெண்டு பென்ஷன்!

அமெரிக்காவில் ரயில்வேக்காரர்களுக்குத் தனி ஓய்வூதியச் சட்டம். 30 வருஷ சர்வீஸ் இருந்தால், 60 வயசிலேயே முழு பென்ஷன்! (பெருமூச்சு விடாதீர்கள் சார்!)

ரயில் கம்பெனியின் துணைக் கம்பெனியில் வேலை என்றால்? முதலாளி ஒருவர் என்பது மட்டும் போதாது. செய்கிற வேலையும் ரயில் போக்குவரத்தோடு சம்பந்தப்பட்டிருக்கணும். சிகாகோவில் உள்ள ரயில்வே ஓய்வூதிய வாரியம் அதைப் பார்த்து முடிவு சொல்லும். 'ஆமாம்' என்றால் அந்தக் கம்பெனி, சம்பளத்தில் ஒரு வரம்பு வரை 13.1 சதவிகிதம் கூடுதலாகக் கட்டணும். 'எங்களுக்கும் ரயிலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை' என்று சொல்ல ஆசை வராமலா இருக்கும்?

வேடிக்கை என்னன்னா, லாரி சர்வீஸுக்கு சட்டத்திலேயே விலக்கு. அதே சரக்கை ரயிலில் ஏற்றுகிறவர் உள்ளே. லாரியில் கொண்டுவருகிறவர் வெளியே! எனக்கென்னவோ இது நியாயமாகப் படவில்லை. அந்த டிரைவர் 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவரா? பொது ஓய்வூதியம் முழுசாகக் கிடைக்க 67 வயசு ஆகணும்.