செருப்போடு நடக்கச் சொன்ன வைத்தியம்

நெருப்பைப் பற்றி ஒரு கட்டுரை வேணும் என்று தோழர்கள் கேட்டார்கள். அவர்கள் மனசில் வெண்மணி இருந்திருக்கும். 1968 டிசம்பர் 25, ராமையாவின் குடிசை, 44 உயிர். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த நெருப்பு என் ரெண்டு காலிலும் இருக்கிறது. அதைத்தான் எழுத முடியும்.

செத்தவர்களை நாம் எண்ணி வைத்திருக்கிறோம். எண்ணத்தான் வேணும். ஆனால் வெந்து பிழைத்தவர்கள் அதுக்கப்புறம் எப்படி நடந்தார்கள் என்று நம்ம கூட்டங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்தில் செத்தவர்கள் தொகையை மேடையில் சொல்கிறோம். காயம்பட்டவர்கள் 'பலர்' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகிறார்கள். நானும் ஒரு 'பலர்'தான். வேறே விபத்து, ஒரு வருஷம் முந்தி.

2011 சித்திரை. எம்.ஏ. தமிழ் முதலாண்டு முடிந்து லீவு. ரெண்டாம் வருஷப் பீஸுக்காகப் பயராபீஸ் வேலைக்குப் போனேன். எங்க பக்கத்துப் புள்ளைகள் லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போறதில்லை, ஆபீசுக்குத்தான் போகும். பருத்தித் துணிதான் உடுத்தணும் என்று வாசலில் போர்டு இருந்தது. பருத்தித் துணிக்கு யார் காசு கொடுப்பது என்று போர்டில் இல்லை. நான் போட்டிருந்தது பாலியஸ்டர் பேண்ட். எங்க ரூமில் நாலு பேர். மருந்து பற்றினது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஓடி வந்துவிட்டேன். பேண்ட் மட்டும் கூடவே வந்தது, உருகி, தோலோடு ஒட்டிக்கொண்டு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி பதினோராம் நாள் போயிட்டாங்க. அந்த ஆபீசைப் பற்றி வேறொரு இடத்தில் எழுதுவேன். இது காலைப் பற்றியது.

உடம்பை டாக்டர்கள் ஒன்பது ஒன்பதாகப் பங்கு போட்டு வெந்த அளவை எழுதுகிறார்கள். ஒரு கால் என்றால் முன்பக்கம் 9, பின்பக்கம் 9. என் சீட்டில் 24 சதவீதம் என்று போட்டிருந்தது. வலது முழங்காலுக்குப் பின்குழியும் கணுக்கால் முன்பக்கமும்தான் ஆழம்.

வலிக்கு எது இதமோ அப்படித்தான் மனுசன் காலை வைப்பான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தைத் தொங்கவிட்டால் வலி குறையும். அம்மா தன் பழைய சேலையைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தாள். பாசம்தான், வேறென்ன. பிசியோதெரபி செய்ய வந்த அக்கா முதல் வேலையாக அந்தச் சுருட்டை உருவி எறிந்தார். அம்மாவுக்குக் கோபம்.

"சுகமா இருக்குன்னு இப்படியே வச்சிருந்தா இப்படியே ஒட்டிக்கிரும்மா. தழும்பு ஆறும்போது இழுக்கும். அப்புறம் பொண்ணு நொண்டித்தான் நடக்கணும். இப்ப அழுவட்டும்."

தீத்தழும்பின் குணம் அதுதான். புண் மூடிவிட்டால் தீர்ந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தழும்போ ஒரு வருஷம், ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே இருக்கும். அது இழுக்கிற திசைக்கு எதிராக நாம் இழுத்தபடி இருக்கணும். ராத்திரி தூங்கும்போது கால் தானாக மடங்கும் என்று முழங்காலுக்குப் பின்னால் மாவுக்கட்டுப் பலகை வைத்துக் கட்டினார்கள். பாதம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கணும்.

தொடையில் தோலெடுத்து ஒட்டு வைத்த பிறகு அஞ்சு நாள் அசையக் கூடாது. ஆறாம் நாள் விரலில் ஆரம்பித்துத் தொடை வரைக்கும் கிரேப் பேண்டேஜை எட்டு எட்டாகப் போட்டு இறுக்கிச் சுற்றி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிடச் சொன்னார் அக்கா. ஒரே ஒரு நிமிஷம். ரத்தம் காலுக்கு இறங்கியதும் ஆயிரம் கட்டெறும்பு ஒரே நேரத்தில் கடித்த மாதிரி இருந்தது. புதுத்தோலுக்குள் ரத்தம் தேங்காமல் இருக்கத்தான் அந்தச் சுற்று என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மறுநாள் ரெண்டு நிமிஷம். அப்புறம் அஞ்சு. அப்புறம் நிற்க. நின்ற அன்றைக்குத்தான் எனக்குத் தொடையே இல்லை என்று தெரிந்தது. சதை கரைந்து எலும்பில் தோல் தொங்கியது. பெரிய தீக்காயம் என்றால் உடம்பு தன் சதையைத் தானே தின்னும். அமெரிக்காவில் கால்வெஸ்டனில், உடம்பில் 40 சதவீதத்துக்கு மேல் வெந்த குழந்தைகளுக்கு 12 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்து, பலமும் சதையும் கூடியதை 2001இல் எழுதியிருக்கிறார்கள். பல வருஷம் கழித்து அதைப் படித்தபோது, யாராவது இதை எங்க வார்டில் சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

நல்லாச் சாப்பிடு என்று மட்டும் சொன்னார்கள். முட்டை, பால், கறி. அம்மா தூக்குவாளியில் மாட்டுக்கறிக் குழம்பு கொண்டுவந்தாள். அடுத்த கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறே கட்டில் கேட்டுப் போனார்கள். வெந்த சதை நாற்றத்துக்கு நடுவிலே ஒன்றரை மாசம் கிடந்தவர்களுக்கு, மாட்டுக்கறி வாசம்தான் தாங்கவில்லை!

கட்டு மாற்ற வருகிறவர் எங்க ஊர்ப் பேரைக் கேட்டார். அப்புறம் தெருப் பேரைக் கேட்டார். அது எதுக்கு என்று உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு பஞ்சுப் பொட்டலம் கையிலிருந்து கைக்கு வரவில்லை, கட்டில்மேல் விழுந்தது. இதைச் சொல்வது பிசியோ அக்காவைப் பற்றிச் சொல்லத்தான். அவர் என் கால்மாட்டில் உட்கார்ந்து, என் குதிகாலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அம்மா பதறிப்போனாள். "அய்யய்யோ டாக்டரம்மா, காலப் போயி..." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தழும்பின்மேல் பெருவிரலை அழுத்திச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். கரகரப்பாகத் திரண்ட தழும்பு அப்படித்தான் இளகும். தொட்டுத் தொட்டுத்தான் அதைப் பழக்கணும். நான் அழுதேன். வலியால் என்று அவர் நினைத்திருப்பார். அவர் என்ன ஆளுகள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வாரம் மூன்று தடவை பிசியோவுக்கு வரச் சொன்னார்கள். பஸ் காசு, அம்மாவுக்கு அந்த நாள் கூலி போச்சு. மாசத்துக்கு ஒரு தடவைதான் போக முடிந்தது. அதனால் அக்கா எல்லாவற்றையும் எனக்கும் அம்மாச்சிக்கும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். சுருட்டின துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலைத் தரையை நோக்கி அமுக்கு. பாதத்தில் சேலையை மாட்டி முகத்தை நோக்கி இழு. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னால் சாய். வெடுக்கென்று இழுக்காதே, மெள்ள இழு. தழும்பு வெளுத்துக்கொண்டு வரும், அங்கே நிறுத்தி முப்பது எண்ணு. அம்மாச்சிக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. இருபது எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து பத்து எண்ணுவாள். சில நாள் எந்தப் பத்து என்று மறந்து போய் மறுபடியும் இருபதுக்குப் போய்விடுவாள். அந்தக் கிழவியால்தான் என் முழங்கால் நீண்டது.

இறுக்கமான காலுறை ஒன்றை நாள் முழுக்க, குளிக்கிற நேரம் போக 23 மணி நேரமும் போட்டிருக்கணும். மூணு நாலு மாசத்தில் இழுவை போய்விடும், புதுசு வாங்கணும். முதல் ஜோடிக்கு என் தோடு போனது. ரெண்டாவது ஜோடிக்குப் பதிலாகக் கிரேப் பேண்டேஜைத் துவைத்துத் துவைத்துச் சுற்றினேன். ஒட்டுத்தோலுக்கு வேர்க்கத் தெரியாது. எங்க ஊர் வெயிலில், ஓட்டு வீட்டுக்குள், அந்தச் சுற்றோடு கிடந்த கோடை. அரிப்பைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது.

இன்னொன்றும் இருக்கிறது. குத்தவைத்து உட்கார முடியாது. கட்டிலும் நாற்காலியும் உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயம். எங்களுக்குக் குளிப்பது, துவைப்பது, சமைப்பது எல்லாம் குத்தவைத்துத்தான். கக்கூஸ் கிடையாது, கருவேலங்காடுதான். விடியும்முன் அம்மா என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு எதிரே நிற்க, நான் பாதி மடங்கி... எம்.ஏ. படிக்கிற பொண்ணு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

இனி நடை. நடை என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் கேட்டிருக்கிறேன். ஒழுக்கம், எழுத்துப் பாணி, வீட்டு நடை. எங்க தெருவில் எந்த வீட்டுக்கும் நடை கிடையாது. அக்கா எழுதிக் கொடுத்த சீட்டில் இப்படி இருந்தது: 'சமதரையில் தினமும் 10 நிமிடம் நடக்கவும். வாரா வாரம் கூட்டவும். செருப்போ ஷூவோ இல்லாமல் நடக்கக் கூடாது.' புதுத்தோல் சின்னக் கல் பட்டாலும் பிய்ந்துவிடும், கொப்புளம் போடும்.

சாதாரண மருந்துச் சீட்டு. ஆனால் எங்க ஊரில் சமதரை ஒன்றுதான் உண்டு. ஊர்த்தெரு. அங்கேதான் சிமெண்ட் ரோடு. காலனித் தெரு சாக்கடையும் சரளைக்கல்லும். ஊர்த்தெருவில் எங்க ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். சட்டமா? கிடையாது. யாரும் அடிக்கவும் மாட்டார்கள். சாவடி வந்ததும் கை தானாகக் குனிந்து கழற்றும், அவ்வளவுதான். காலேஜுக்குப் போகிற நானும் அப்படித்தான் கழற்றிக்கொண்டிருந்தேன். இதை மேடையில் நான் சொல்லிக்கொள்வதில்லை.

முதல் நாள் அம்மாச்சி கூட வந்தாள். சாவடியில் பெரியவர் ஒருத்தர் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் அம்மாச்சி தன் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சாமி, காலு வெந்த புள்ள. டாக்டரு கழட்டக் கூடாதுன்னுட்டாக" என்றாள். அவர் என் காலைப் பார்த்தார். "போகட்டும், போகட்டும், பாவம்" என்றார்.

நானும் தலையாட்டிவிட்டுப் போனேன். இதுதான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. நாலு மாசம் டாக்டர் பேரைச் சொல்லித்தான் அந்தத் தெருவில் நடந்தேன். பத்து நிமிஷம் இருபதாச்சு, முப்பதாச்சு. பள்ளிக்கூடத்துப் படியில் ஏறி இறங்கினேன். நொண்டுவது குறைந்தது. குதிகால் முதலில், விரல் அப்புறம் என்று பாதம் ஒழுங்காக விழ ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் அதே பெரியவர் கூப்பிட்டார்.

"ஏத்தா, இப்பத்தான் நல்லா நடக்குறியே. இனிமே கழட்டிட்டுப் போலாம்ல?"

நிஜமான அக்கறையோடுதான் கேட்டார் என்று தோன்றியது. வைத்தியம் முடிந்தது, பழைய முறைக்கு வா. கால் குணமானால் சலுகை தீரும். அப்படியானால் நான் நொண்டியாக இருக்கிற வரைக்கும்தான் மனுசியா? இதையெல்லாம் அங்கே பேசவில்லை. "இல்லங்கய்யா, கழட்டல" என்றேன். குரல் நடுங்கியது. முழங்காலும் நடுங்கியது.

அன்று ராத்திரி மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். மாமா வந்து, "கம்மாக்கரை வழியா நடத்தா, காத்தோட்டமா இருக்கும்" என்றார். கம்மாக்கரையில் நெருஞ்சி முள். மறுநாள் நான் ஊர்த்தெருவுக்கே போனேன். ரெண்டு நாள் கழித்துக் காலனிப் பையன்கள் நாலு பேர், "அக்கா, நாங்களும் எக்சைஸ்க்கு வர்றோம்" என்று செருப்போடு வந்தார்கள். கடையில் கடன் நின்றது. மாமாவுக்கு ரெண்டு மாசம் தோட்டத்து வேலை இல்லை. அவர் என்னோடு பேசவுமில்லை. இன்றைக்கு அந்தத் தெருவில் செருப்போடு போகிறார்கள். திருவிழா நாளில் வயசானவர்கள் இன்னும் கழற்றுகிறார்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்து ராஜாவூரில் சுமார் 60 பேர் சேர்ந்து செருப்புக் காலோடு தெருவில் நடந்த செய்தி வந்தபோது, தோழர்கள் பலர் 'இந்தக் காலத்திலுமா' என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை.

ஊனச் சான்றிதழுக்கும் போனேன். 1995ஆம் வருஷச் சட்டத்திலும் சரி, 2016இல் வந்த சட்டத்திலும் சரி, 40 சதவீதம் இருந்தால்தான் சலுகை. முழங்காலை மடக்கி நீட்டி அளந்தார்கள். குறைந்துவிட்டது. "எக்சர்சைஸ் பண்ணாம வந்திருக்கலாம்" என்று அங்கே ஒருத்தர் சிரித்தார். 2016 சட்டத்தில் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களைப் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். சேர்க்க வேண்டியதுதான். வேலை செய்யப்போய் வெந்தவர்களுக்கு அப்படித் தனிப் பேர் கிடையாது.

இப்போது எனக்கு 36 வயசு. வலது கணுக்கால் முழுசாக மடங்காது, ஏற்றத்தில் இழுக்கும். காலையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்பது இன்னும் உண்டு. அம்மாச்சி 2017இல் போய்ச் சேர்ந்தாள். கடைசி வரைக்கும் ஊர்த்தெருவில் அவள் செருப்புப் போடவில்லை. நான் சண்டை போட்டும் கேட்கவில்லை. "எனக்குக் காலு வேகலையேத்தா" என்பாள்.

போன மாசம் பக்கத்து ஊரில், ஆபீஸ் நெருப்பில் கால் வெந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த ஒரு மதினியைப் பார்க்கப் போனேன். புண் ஆறியிருந்தது. முழங்காலுக்கு அடியில் ரெண்டு தலகாணி. பக்கத்தில் அவங்க மாமியார் விசிறிக்கொண்டிருந்தார். நான் தலகாணியை உருவினேன். மதினி வாயில் வராத வசவு வந்தது. "இன்னும் வையிங்க மதினி" என்று சொல்லிவிட்டு, குதிகாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தழும்பு வெளுக்கிற வரைக்கும் இழுத்து நிறுத்தி, எண்ண ஆரம்பித்தேன். இருபது வந்ததும் மாமியாரைப் பார்த்து, "மிச்சம் பத்து நீங்க எண்ணுங்கம்மா" என்றேன்.