கடல் தாங்குமா இந்தப் படகு?

படகு வாங்கச் செல்வோரை நாம் இரு வகையாகப் பிரிப்பதுண்டு. ஒரு சாரார் வர்ணத்தைப் பார்ப்பர். மறு சாரார் குனிந்து அடிப்பலகையைத் தூக்கி, அங்கே தேங்கிக் கிடக்கும் நீரை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்ப்பர். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது என்று பொருள். கரிக்காவிட்டால் மழைநீர், கவலையில்லை. எமது தாராபுரத்தில் இந்த இரண்டாம் வகையினருக்கே மதிப்பு அதிகம். மன்னார்த் தீவுக்கு வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசினால் தென்கடல் குமுறும். வாடை எழுந்தால் வடகடல் சீறும். இப்படி இரண்டு கடல்களுக்கு இடையே வாழ்பவர்களுக்கு வர்ணத்தில் மயங்க அவகாசமேது?

சென்ற மாதம் எம் தங்கை ஒரு கேள்வியோடு வந்தாள். இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரில் தொழில் பார்க்கும் அவள் மகன், நண்பர் இருவரோடு கூட்டாக 30 அடி நீளமுள்ள பழைய பாய்ப்படகொன்றை வாங்கப் போகிறானாம். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்படும் ‘யாட்’ வகையைச் சேர்ந்தது. அதிலேறி, பிஸ்கே வளைகுடாவைத் தாண்டி, ஸ்பெயின் தேசம் வரை செல்ல எண்ணமாம்.

“நானா, அதை நம்பிப் பிள்ளையை விடலாமா?” என்றாள்.

இது வெறும் தாய்ப்பயம் அன்று. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவினருள் பலர் படகேறியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அத்தகைய படகொன்றில் பத்து வயதுச் சிறுமியாய்ச் சாமான்களுக்கிடையே அமர்ந்திருந்தவள் அவள். விளிம்புக்கும் நீருக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி இருந்தது என்று இன்றும் சொல்வாள். அன்று எந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்குப் பார்க்க எவருக்கும் வழியில்லை. இன்று பார்க்கலாம், ஆகவே பார்த்தே தீர வேண்டும் என்பது அவள் கட்சி. எமக்கும் அதுவே சரியெனப் பட்டது.

மருமகன் விபரங்களை அனுப்பினான். நீர்மட்டத்தில் படகின் நீளம் 25 அடி. அகலம் 10 அடி. எடை 8,000 இறாத்தல். அதில் 3,000 இறாத்தல் அடியில் பொருத்திய ஈயம்.

வேகத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல்மைல் என்பது வந்துவிடும். 25இன் வர்க்கமூலம் 5, ஆகவே 6.7 கடல்மைல். அதற்கு மேல் ஓட முயன்றால் தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏற வேண்டிய நிலைமை படகுக்கு உண்டாகும். பாயை எவ்வளவு கூட்டினாலும் பெரும்பயன் இராது. சைக்கிளில் போகிறவனும் முந்திவிடக்கூடிய இந்த வேகத்துக்கா இத்தனை பணம் என்று தங்கை வியந்தாள்.

கவிழாமை வேறு விடயம். எமது வள்ளம் அகலத்தை நம்பி நிற்பது. தாம்பாளத்தை நீரில் மிதக்க விட்டாற்போலச் சிறு சாய்வுக்கு அசைந்து கொடுக்காது. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டாலோ ஒரே புரளாகப் புரண்டுவிடும். ஆழக்கடலுக்கான யாட் வகையோ தஞ்சாவூர்ப் பொம்மையின் சாதி. சிறு காற்றுக்கும் தலை சாய்க்கும். ஆயினும் பாரமெல்லாம் அடியில் இருப்பதால், படுக்க வைத்தாலும் எழுந்து நிற்கும். மருமகன் பார்த்த படகில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக அடிப்பாரம் இருக்கிறது. இது நல்ல அறிகுறி.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டில், பிரித்தானியக் கடலில் நடந்த ‘பாஸ்ட்நெட்’ பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. நடுவழியில் பெரும்புயல். போட்டியில் ஓடியவர்களுள் 15 பேர் மாண்டனர். அதன் பின்னரே கவிழும் அபாயத்தை மதிப்பிட ஓர் எளிய சூத்திரம் பரவலாயிற்று. எடையை இறாத்தலில் எடுத்து 64ஆல் வகுத்து, அதன் கனமூலத்தைக் கண்டு, படகின் அகலத்தை அதனால் வகுக்க வேண்டும். விடை 2க்கு மேற்படலாகாது. மாணவர்கள் இதோ போட்டுப் பார்க்கலாம்: 8,000ஐ 64ஆல் வகுத்தால் 125, கனமூலம் 5, பத்தை ஐந்தால் வகுத்தால் 2. எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது படகு!

ஆனால் இச்சூத்திரத்திடம் ஒரு குருட்டுத்தனம் உண்டு. அந்த 3,000 இறாத்தல் ஈயத்தைப் பாய்மரத்தின் உச்சியில் கட்டினாலும் அது 2 என்றே சொல்லும். ஆகவே எண்ணை மட்டும் நம்பி ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

அதே பந்தயத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. மாலுமிகள் கைவிட்டுச் சென்ற படகுகள் 24. அவற்றுள் மூழ்கியவை 5 மாத்திரமே. ஏனையவை ஆளில்லாமலே மிதந்துகொண்டிருந்து பின்னர் மீட்கப்பட்டன. மனிதன் தளர்ந்த பின்னும் படகு தாங்கியிருக்கிறது.

பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘சுகைலி’ 32 அடிப் படகு. ஒன்பது பேர் புறப்பட்ட பந்தயத்தில், றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் மாத்திரம், 1968-69இல் இதிலேறி, எங்கும் கரை தட்டாமல் 312 நாட்களில் உலகைச் சுற்றி முடித்தார். வழியில் அடிப்பகுதியில் நீர் கசிய, நடுக்கடலில் மூழ்கிச் சென்று தாமே பொருத்தை அடைத்தார். அதே வடிவில் கோவாவில் கட்டிய ‘துரியா’ என்னும் படகில், கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அபிலாஷ் தோமி 2018இல் சென்றபோது, தென்னிந்தியப் பெருங்கடலில் படகு புரண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்ட அவரைப் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. வடிவம் ஒன்றே, கடல் நடத்திய விதம்தான் வேறு.

ஆகவே மருமகனுக்கு எழுதினோம்: சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு, ஈயத்தைப் பிடித்திருக்கும் ஆணிகளைத் துருவுண்டா என்று பார். பாய்மரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பிகள் கப்பலோடு சேருமிடங்களைத் தடவிப் பார். சுக்கான் ஆடுகிறதா? மேல்தட்டுக் கதவுகள் நீர் புகாமல் மூடுகின்றனவா? பிறகு, விற்பவன் விரும்பும் இனிய நாளில் அன்றி, காற்றுப் பலமான நாளில் வெளியே கொண்டுபோ. காற்றை எதிர்த்து ஓடும்போது சுக்கானைக் கைவிட்டுப் பார். அணியம் மெல்லக் காற்றின் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். எதிர்ப்புறம் ஓடினால் திரும்பி வந்துவிடு. முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டினால், ஒரு கோப்பைத் தேநீர் காய்ச்சிக் குடிக்குமளவுக்காவது அது அடங்கிக் கிடக்க வேண்டும். களைத்த மாலுமிக்கு அதுவே உறக்கம். பிஸ்கேயைப் பிறகு பேசலாம். முதல் ஆண்டு கரையோரமே ஓட்டு.

கடிதத்தின் அடியில் ‘அன்னபூரணி’யைப் பற்றியும் சேர்த்தோம். கண்ணளவும் கையனுபவமும் பெற்ற மேத்திரிமார் வல்வெட்டித்துறையில் கட்டிய, ஏறத்தாழ 90 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட கப்பல் அது. அதை வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். 1928க்கும் 1931க்கும் இடையில் 32 அடிப் படகொன்றில் தாமே உலகைச் சுற்றியவர். வர்ணத்தைப் பார்த்து ஏமாறுகிற ஆள் அல்லர். மனைவியின் பெயரைச் சூட்டிய அக்கப்பலை வல்வெட்டித்துறை மாலுமிகள் சுயெஸ் வழியாக, மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து ஓட்டிச் சென்றனர். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் அது நங்கூரம் பாய்ச்சிற்று.