பதம் பார்க்க எத்தனை பானை?

தில்லியில் ஏதாவது ஒரு பள்ளியின் வாசலில், மணி அடித்துப் பிள்ளைகளை வெளியே விடும் நேரத்தில் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பிள்ளைகள் தனித்தனியாக வருவதில்லை. நாலைந்து பேராகச் சேர்ந்துதான் வருகிறார்கள். ஒருவன் சட்டையை வெளியே இழுத்து விட்டிருந்தால் கூட வருபவர்களும் அப்படியே. ஒருவன் தின்பண்ட வண்டியை நோக்கித் திரும்பினால் மற்றவர்களும் திரும்புகிறார்கள். ஒருவன் கையில் புகையிலைப் பொட்டலம் ஒன்று வந்து சேர்ந்தால் அதுவும் அந்தக் கூட்டத்துக்குள்தான் சுற்றும். இது பெற்றோருக்கு வயிற்றில் புளி கரைக்கிற சமாசாரம். புள்ளியியலாளருக்கோ இது ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு நேர்ந்தால் பெற்றோரின் கவலைக்கு மருந்து என்று சொல்லப்படுவது மருந்துதானா என்பதே தெரியாமல் போய்விடும்.

தில்லியில் இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். இதய நோய் மருத்துவர் ஸ்ரீநாத் ரெட்டி, தில்லியின் 'ஹிருதய்' தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த மோனிகா அரோரா, அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செரில் பெர்ரி, மெலிசா ஸ்டிக்லர் ஆகியோர் சேர்ந்து நடத்திய ஆய்வுக்கு 'மைத்ரி' என்று பெயர். தில்லியில் 16 பள்ளிகள், சென்னையில் 16 பள்ளிகள். ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் 2004-ல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. அதுவே ஓர் அதிர்ச்சியைத் தந்தது. ஒரு முறையாவது புகையிலையைத் தொட்டவர்கள் எட்டாம் வகுப்பில் 9.3 சதவீதம், ஆறாம் வகுப்பில் 24.8 சதவீதம். வயது ஏற ஏறப் பழக்கமும் ஏறும் என்பதுதான் எல்லோருடைய எண்ணம். இங்கே சின்னப் பிள்ளைகள் முந்திக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பிள்ளைகளை எப்படித் தடுப்பது? வகுப்பறைப் பயிற்சிகள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சலட்டைகள், மாணவர்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பழக்கிய தலைவர்கள் என்று ஒரு திட்டம் தயாரானது. பலன் இருக்கிறதா என்று அறிய, பாதிப் பேருக்குத் திட்டத்தைக் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட வேண்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். புதிய மாத்திரை என்றால் நோயாளிகளை ஒவ்வொருவராகக் குலுக்கிவிடலாம். பள்ளிச் சுவரில் ஒட்டிய சுவரொட்டியை வகுப்பில் பாதிப் பேர் மட்டும் பார்க்கும்படி செய்ய முடியுமா? பயிற்சி பெற்ற பையன் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் பேசாமல் இருப்பானா? ஆகவே பிள்ளைகளை விட்டுவிட்டுப் பள்ளிகளைக் குலுக்கினார்கள். சில பள்ளிகளுக்கு முழுத் திட்டம், மற்றவை ஒப்பிடுவதற்கு. இதற்குக் குழுவாரிக் குலுக்கல் ஆய்வு என்று பெயர்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆய்வில் இடம்பெற்ற மாணவர்கள் மொத்தம் 14,063 பேர். எண்ணிக்கையைக் கேட்டாலே நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் குலுக்கலில் கலந்துகொண்டவை 32 பள்ளிகள்தாம். எது உண்மையான எண்ணிக்கை?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது ஏன் பதம்? ஒரே பானையில், ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த பருக்கைகள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும் என்பதால். அதே காரணத்தால், ஒரு பானையிலிருந்து நானூறு பருக்கைகளை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் பார்த்தது ஒரு பானையைத்தான். பக்கத்து வீட்டு உலை எப்படி இருக்கிறது என்பதை அந்த நானூறும் சொல்லாது. பள்ளியும் ஒரு பானை. ஒரே தலைமையாசிரியர், ஒரே வட்டாரம், வாசலில் ஒரே கடை, ஏறக்குறைய ஒரே வருமானமுள்ள வீடுகள். பிள்ளைகள் பருக்கைகளைப் போல அவ்வளவு ஒன்றாக வெந்துவிடுவதில்லைதான். ஆனாலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒட்டுதலைப் புள்ளியியலில் 'குழுவுக்குள் உள்ள ஒட்டுறவு' என்கிறார்கள்.

இதை அளக்க எளிய சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஒட்டுறவு எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், சாதாரணக் கணக்கு எத்தனை மடங்கு ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, பள்ளிக்கு 400 பேர், ஒட்டுறவு வெறும் 0.01 என்று வைத்துக்கொள்ளலாம். விடை ஏறக்குறைய 5. அதாவது 32 பள்ளிகளில் 12,800 பேரைக் கேள்வி கேட்டாலும், தனித்தனியே தேர்ந்தெடுத்த சுமார் 2,565 பேர் தரும் தகவல்தான் கையில் இருக்கும். அதே பள்ளிகளில் பள்ளிக்கு 800 பேராக இரட்டித்தால்? சுமார் 2,850 ஆகும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பதில் பள்ளிகளை இரட்டித்து 64 ஆக்கினால் 5,130-ஐத் தொடும். ஆனால் பிள்ளைகளைக் கூட்டுவது சுலபம், பள்ளிகளைக் கூட்டுவது கடினம். ஒவ்வொரு பள்ளிக்கும் அனுமதி வாங்க வேண்டும், ஆசிரியர்களைப் பழக்க வேண்டும், பணம் வேண்டும். குறைந்த பள்ளிகளில் நிறையப் பிள்ளைகளை எண்ணிவிட்டுப் பெரிய ஆய்வு என்று பெயர் வாங்கும் ஆசை இந்த இடத்தில்தான் எழுகிறது.

குழுக்களைக் குலுக்கிவிட்டுத் தனி ஆட்களைக் குலுக்கியது போலக் கணக்குப் பார்ப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்று அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டு 1978-லேயே எச்சரித்தார். அப்படி ஏமாறினால், தற்செயலாக நேர்ந்த வித்தியாசமெல்லாம் திட்டத்தின் வெற்றியாகத் தெரியும். ஒன்றிரண்டு பள்ளிகளில் கண்டிப்பான தலைமையாசிரியர் வந்து சேர்ந்திருப்பார். பெயர் சுவரொட்டிக்குப் போகும். பிறகு அந்தச் சுவரொட்டி நாடு முழுவதும் அச்சாகும். பலனில்லாத திட்டத்தில் போட்ட காசு, பலன் தரக்கூடிய வேறொன்றிலிருந்து எடுத்த காசுதான்.

மைத்ரிக்காரர்கள் இந்தப் பள்ளத்தில் விழவில்லை. பள்ளி என்ற பானையையும் கணக்கில் சேர்க்கும் கலப்பு மாதிரி முறையைக் கையாண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, திட்டம் இல்லாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவீதம் கூடியிருந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. முடிவுகள் 2009-ல் வெளியாயின. இதிலும் நிதானம் தேவை. 68 சதவீதம் என்பது முன்பு இருந்ததைவிட எவ்வளவு கூடியது என்பதே தவிர, நூற்றுக்கு 68 பிள்ளைகள் என்ற பொருள் அதற்கு இல்லை. பிள்ளைகள் தாங்களே எழுதிக் கொடுத்த பதில்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்படியும், கடுமையான கணக்கைத் தாண்டி நின்ற வித்தியாசம் என்பதால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

எல்லா ஆய்வுக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்களைக் குலுக்கி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார்கள். சுமார் பதினைந்து ஆண்டு உழைப்பு. 2000-ல் வெளியான முடிவு: பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளில் புகைப்பவர்கள் திட்டம் இருந்த இடத்தில் 24.7 சதவீதம், இல்லாத இடத்தில் 24.4 சதவீதம். மாணவர்களிலும் அதே கதைதான். பலன் இல்லை என்று அச்சிட்டுச் சொல்ல அவர்கள் தயங்கவில்லை. அதனால் மற்றவர்கள் வேறு வழி தேட முடிந்தது.

தில்லிக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 1999 முதல் 2004 வரை, சுமார் பத்து லட்சம் குழந்தைகளை உள்ளடக்கி வைட்டமின் 'ஏ' ஆய்வு நடந்தது. 2013-ல் வெளியான முடிவின்படி குழந்தை இறப்பு 4 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அது தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பத்து லட்சம் பேரை வைத்தும் சொல்ல முடியவில்லையா என்று கேட்கத் தோன்றும். குலுக்கப்பட்டவை 72 வட்டாரங்கள், பானைகள் 72.

திட்டங்களுக்குக் கையெழுத்திடும் அலுவலகங்கள் நிறைந்த ஊர் தில்லி. அங்கே மேசைக்கு வரும் கோப்புகளில் பெரிய எண்தான் முதல் பக்கத்தில் இருக்கும். இத்தனை ஆயிரம் மாணவர்கள், இத்தனை லட்சம் குழந்தைகள் என்று. எத்தனை பள்ளி, எத்தனை வட்டாரம் குலுக்கப்பட்டது என்பது உள்ளே எங்கோ ஒரு வரியில் இருக்கும். அந்த வரியைத் தேடிப் படிக்கும் பழக்கம் ஓர் அதிகாரிக்கு இருந்தால், அது பல கோடி ரூபாயைக் காப்பாற்றும். சில பிள்ளைகளையும் காப்பாற்றும்.

பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தில்லியில் 2012-ல் குட்காவுக்கும் தடை வந்தது. சட்டம் கடையைத் தள்ளி வைக்கலாம். கூட்டாளியைத் தள்ளி வைக்க முடியாது. மைத்ரி என்றால் நட்பு. பிள்ளைகளைக் கெடுக்கும் அதே ஒட்டுதலைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களைத் திருத்தப் பார்த்தது அந்தத் திட்டம். கணக்கைக் கடினமாக்கியதும் அந்த ஒட்டுதல்தான். பள்ளி வாசலில் தோளில் கைபோட்டு வரும் அந்த நாலைந்து பேரை நான்கு, ஐந்து என்று எண்ணிவிடலாம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து நடக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும்.