புளியோதரையும் ராட்டினமும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். சென்னைக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் வாசல். பேர் வேண்டாம். என் மனைவியின் ஒயர்கூடையைக் கீழே வைக்கச் சொல்லிக் கையால் கிளறிப் பார்த்தார் காவலாளி. ஒரு சம்படம் நிறையப் புளியோதரை, அடுக்கில் தயிர்சாதம், வாழைக்காய் வறுவல், காகிதத்தில் பொதிந்த மாவடு. எல்லாம் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து செய்தது.

"வெளிச் சாப்பாடு உள்ள போகாதும்மா."

"இது வெளிச் சாப்பாடு இல்லீங்க. வீட்டுச் சாப்பாடு."

நல்ல வாதம்தான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று ஐந்து பேரும் சாலையோரப் புங்கமர நிழலில் உட்கார்ந்து காலை ஒன்பதரை மணிக்கு மதியச் சாப்பாட்டை முடித்தோம். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "எங்க உக்காந்தாலும் சோறு சோறுதான்டா" என்று விரலை வழித்துக்கொண்டார்.

உள்ளே போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, பிள்ளைகளுக்குப் பசித்துவிட்டது. அலைக்குளத்தில் குதித்து எழும் பிள்ளைக்கு வரும் பசி சாதாரணப் பசி அல்ல. அது இரும்பையும் கரைக்கும். பணம் லாக்கரில் இருந்தது. லாக்கர் சாவி மகனின் இடுப்பில், மகன் குளத்தின் ஆழமான பக்கத்தில். ஒருவழியாக நனைந்த நோட்டுகளோடு கடைக்குப் போய் நின்றால், ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜிக்குச் சொன்ன விலையில் பெரம்பூரில் எங்கள் தெருமுனைக் கடையில் மூன்று தட்டு வாங்கலாம். வாங்கினேன். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க, கொதிக்கக் கொதிக்கத் தின்ற அந்த பஜ்ஜியைப்போல ஒன்றை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை. கொடுத்த காசுக்கு நியாயமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது.

பூங்காவில் நாம் கொடுக்கும் விலை மாவுக்கும் எண்ணெய்க்கும் அல்ல, சுற்றுச்சுவருக்கு. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வழியில்லை என்பதுதான் அங்கே சரக்கு. தியேட்டரிலும் விமான நிலையத்திலும் இதே கதைதான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தியேட்டர்கள் விஷயத்தில் ஒரு தீர்ப்பு சொன்னது. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் நல்ல குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்று. பேப்பரில் படித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். "அப்ப நம்ம பசங்க கைக்குழந்தை இல்லையே" என்றாள். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிந்தும் வழக்கை அவள் முடித்துவைக்கவில்லை.

மேல்முறையீட்டுக்கு வாய்ப்பு வந்தது கலிஃபோர்னியாவில்.

மகள் குடும்பம் அங்கே இருக்கிறது. பேத்திக்கு ஏழு வயசு. அனஹைமில் உள்ள டிஸ்னிலாண்டுக்குப் போவதென்று முடிவானது. டிக்கெட் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றேன். "மாமா, டிக்கெட் வாங்குறதுக்கு முன்னால பெருக்குங்க. வாங்கினப்புறம் பெருக்காதீங்க" என்றார் மாப்பிள்ளை. அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த ஒரே நிதி ஆலோசனை. அதற்குள் மனைவி சமையலறையில் புளிக்காய்ச்சலை ஆரம்பித்திருந்தாள்.

"உள்ள விடுவாங்களாடி?"

"விடுவாங்கம்மா. கண்ணாடி பாட்டில் கூடாது, சாராயம் கூடாது. மத்தபடி நம்ம சாப்பாட்டக் கொண்டு போகலாம்."

மனைவி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனாலும் சமையல் நிற்கவில்லை. ஆர்ட்டீஷியா என்ற ஊரில் பயனியர் சாலை என்று ஒன்று இருக்கிறது. பாத்திரக்கடை, புடவைக்கடை, மளிகை, சாட் கடை என்று நம்மவர் கடைகள் வரிசையாக இருக்கும். அனஹைமிலிருந்து காரில் அதிக தூரமில்லை. முந்தின நாள் அங்கே போய்க் கறிவேப்பிலையும் அப்பளமும் வாங்கி வந்தோம். மறுநாள் காலை வாசலில் பாதுகாப்புப் பெண்மணி பையைத் திறந்தார். எவர்சில்வர் டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். பையை மூடி, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று கைகாட்டினார். அவ்வளவுதான். மனைவி நகரவில்லை. மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த வாதமெல்லாம் வீணாய்ப் போன வக்கீலைப்போல இன்னும் ஏதாவது கேட்பார்களோ என்று அங்கேயே நின்றாள்.

உள்ளே போனபின் சாப்பாட்டு விஷயத்தில் மகள்தான் தளபதி. அவள் சொன்ன முதல் சட்டம், பசிக்கும் முன் சாப்பிடுவது. பன்னிரண்டரைக்கு எல்லாருக்கும் பசிக்கும், எல்லாக் கடையிலும் வரிசை வாலாய் நீளும். பதினொன்றுக்கே சாப்பிட்டுவிட்டால், மற்றவர்கள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது நாம் ராட்டினத்தில் ஏறிவிடலாம். இது பணத்தை மிச்சம் பிடிப்பதல்ல, நேரத்தை மிச்சம் பிடிப்பது. நூறு டாலர் கொடுத்து வாங்கிய பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முக்கால் மணியைச் சாப்பாட்டு வரிசையில் விட்டால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது, ரசீதில் மட்டும் வராது. செல்போன் செயலியிலேயே சாப்பாட்டைச் சொல்லிவிட்டுக் குறித்த நேரத்தில் போய் வாங்கிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. மாப்பிள்ளை படகு வரிசையில் நின்றபடியே அதைச் செய்து முடித்தார்.

அடுத்தது தண்ணீர். அங்கே பாட்டில் தண்ணீரை விலைக்கு வாங்குகிறவர் விஷயம் தெரியாதவர். கவுண்டரில் கேட்டால் ஒரு குவளைத் தண்ணீர் சும்மா தருகிறார்கள், விளிம்பு வரை ஐஸ் போட்டு. மனைவி ஒவ்வொரு கவுண்டரிலும் "நோ ஐஸ், நோ ஐஸ்" என்று கையை ஆட்டியதில் பேத்திக்கு அது விளையாட்டாகிவிட்டது.

மூன்றாவதாக, தட்டின் அளவு. அமெரிக்கத் தட்டு என்பது நம் ஊர்ப் பந்தியில் ஒரு ஆளுக்கு விழுவதைவிடப் பெரிசு. ஆளுக்கொன்று வாங்கி ஆளுக்குப் பாதி குப்பையில் போடுவதற்கு, மூன்று தட்டு வாங்கி ஐந்து பேர் பிய்த்துத் தின்னலாம். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் வான்கோழிக் கால் ஒன்றை நடுவில் வைத்து நாலு பக்கமும் தாக்கிக்கொண்டிருந்தது. கதை நூல் படத்தில் பீமன் கையில் கதாயுதம் இருக்குமே, அந்த அளவு. பூங்காவுக்குள் காடு போல அமைத்த பக்கமாகப் போனால் 'பெங்கால் பார்பெக்யூ' என்று ஒரு கடை. வங்காளம் என்ற பேரைப் பார்த்து மீன்குழம்பு கிடைக்குமா என்று எட்டிப் பார்த்தேன். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியும் காய்கறியும். வங்காளி யாராவது பார்த்தால் வழக்குப் போடுவார். ஆனால் நொறுக்குத் தீனிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் குச்சிதான் அங்கே எனக்குக் கட்டுப்படியாகத் தோன்றியது.

மிச்சத்தை வீணாக்காத கை அந்த ஊரிலும் இருந்திருக்கிறது. பூங்கா திறந்த 1955-இலேயே உள்ளே ஒரு மெக்சிகோ பாணி உணவகம் வந்தது. அங்கே மிஞ்சிய சோள ரொட்டியை வெட்டிப் பொரித்து, மசாலா தூவி விற்றதிலிருந்துதான் டொரிட்டோஸ் சிப்ஸ் பிறந்தது என்பார்கள். 1966-இல் அது நாடு முழுவதும் கடைக்கு வந்துவிட்டது. பழைய இட்லியை உதிர்த்து உப்புமா ஆக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாக்கெட்டில் அடைத்துப் பேர் வைக்க மட்டும்தான் தோன்றவில்லை.

அதே 1955, ஜூலை 17, திறப்பு விழா நாள். போலி அழைப்பிதழோடு ஆயிரக்கணக்கில் உள்ளே புகுந்தவர்களால் பண்டம் தீர்ந்துபோனது. சுட்டெரிக்கும் வெயில். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் ஒருசேர முடிக்க நேரமில்லாமல் போயிற்று. வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். குளிர்பானம் விற்பதற்காகத்தான் தண்ணீர்க் குழாயை மூடிவைத்திருக்கிறார்கள் என்று கூட்டம் பேசியது. மாப்பிள்ளை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கையில் அந்த இலவசத் தண்ணீர்க் குவளை இருந்தது. அன்றைக்கு வாங்கிய பேச்சின் பாக்கியை இன்னும் குவளை குவளையாக அடைக்கிறார்களோ என்று தோன்றியது.

டப்பாவைத் திறந்தது பிற்பகல் மூன்றரைக்கு. ஆற்றங்கரை போல அமைத்த இடத்தில் ஒரு பெஞ்சு. எதிரே இரண்டு புகைபோக்கிகளோடு மார்க் ட்வெய்ன் படகு ஊதிக்கொண்டு போகிறது. மனைவி காகிதத் தட்டில் புளியோதரை வைத்தாள். பெருங்காய வாசனை எழுந்ததும் அடுத்த பெஞ்சுக்காரர் மூக்கை நிமிர்த்தினார். முகம் சுளித்தாரா, ஏங்கினாரா என்று நான் ஆராயவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து பேத்தியோடுதான் இருக்கிறேன், ஆனால் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. வரிசையில் பார்ப்பது முன்னால் நிற்பவர் பிடரி. ராட்டினத்தில் எல்லாரும் முன்பக்கம் பார்த்து உட்காருகிறோம், இருட்டுக் குகையில் பக்கத்தில் இருப்பவர் அலறல்தான் கேட்கும். ஊர்வலம் வந்தால் அத்தனை பேரும் ஒரே திசையில் செல்போனைத் தூக்குகிறோம். குடும்பத்தோடு கழிக்க வந்த நாளில் குடும்பம் எதிரும் புதிருமாக உட்காருவது சாப்பிடும்போது மட்டும்தான். பேத்திக்கு மேல்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. வேர்க்கடலையை எந்தப் பக்கம் தள்ளிக் கடிக்கிறாள் என்று பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று நாளாக ஆடுகிறதாம்.

"தாத்தாகிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே தாத்தா."

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை பக்கத்து ஊரான புவெனா பார்க்குக்கு அழைத்துப் போனார். அங்கேயும் ஒரு பூங்கா, நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். இந்த முறை டிக்கெட் வாங்கவில்லை. பூங்காவின் மதிலுக்கு வெளியே அவர்களுடைய கோழிச் சாப்பாட்டு உணவகம் இருக்கிறது, சாப்பிட மட்டும் போனோம். அங்கே கேட்ட கதைக்காகவே நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வால்டர் நாட் என்பவர் பழத்தோட்டக்காரர். பாய்சன்பெர்ரி என்ற பழத்தைப் பயிர்செய்து பிரபலமாக்கியவர். பொருளாதாரம் நொடித்துக் கிடந்த 1934-இல் அவர் மனைவி கோர்டீலியா, கையில் நாலு காசு புரளட்டுமே என்று, தன் கல்யாணச் சீர் பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குக் கோழி பொரித்துச் சோறு போட்டார். விலை 65 சென்ட். ருசி பரவியது. 1940 வாக்கில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் 4,000 சாப்பாடு. வரிசை மணிக்கணக்கில் நின்றது. பசியோடு நிற்பவர்கள் முணுமுணுக்காமல் இருக்க வால்டர் அங்கங்கே வேடிக்கை வைத்தார். கண்ணாடிக் கூண்டில் ஒரு தேன்கூடு, புகைவிடும் குட்டி எரிமலை, அப்புறம் பழைய மேற்குச் சீமைக் கட்டடங்களைக் கொண்டுவந்து நிறுத்திய ஒரு பேய்நகரம். அந்த வேடிக்கைகள் வளர்ந்து வளர்ந்துதான் பூங்கா ஆனது. 1968 வரைக்கும் உள்ளே நுழையக் கட்டணமே கிடையாது.

கோழி முதலில் வந்தது, ராட்டினம் பிறகு. ஊரெல்லாம் ராட்டினத்தைக் காட்டிச் சோற்றை விற்கிறார்கள், இங்கே சோற்றுக்குக் காத்திருந்தவர்களுக்கு ராட்டினம் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். கேட்டதும் கோர்டீலியா அம்மாள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. என் மனைவிக்கோ அவர் கல்யாணத் தட்டை எடுத்தது மட்டும்தான் மனசில் நின்றது. "எனக்கும் அம்மா குடுத்த பீங்கான் செட் பரண்லதான் இருக்கு" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

சாப்பாடு வந்தது. பொரித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, மோர் விட்டுப் பிசைந்து சுட்ட பிஸ்கட், தொட்டுக்கொள்ளப் பழக்கூழ். பிஸ்கட் என்றால் நம் ஊர் டீக்கடை பிஸ்கட் அல்ல, மெத்தென்று பன் மாதிரி இருக்கும். கோழி உப்பும் மிளகுமாக அளவோடு இருந்தது. மனைவி மாவடு டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைக்கடியில் வைத்து எனக்கு ஒன்று நீட்டினாள். வெளிச் சாப்பாடு கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனாலும் பழைய பயம். பொரித்த கோழிக்கு மாவடு எவ்வளவு பொருத்தம் என்பதைக் கோர்டீலியா அம்மாளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மரச்சட்ட ரயில் ஒன்று தடதடவென்று இறங்கியது, கூடவே நூறு பேரின் அலறல். பேத்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆடிய பல் முந்தின ராத்திரியே விழுந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகப் பழக்கூழை உறிஞ்ச முடியுமா என்ற ஆராய்ச்சியில் இருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பரிமாறிய பெண் மிச்சத்தைக் கட்டித்தர ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். "வேண்டாம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, என் மனைவி பெரம்பூரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, மீதியிருந்த இரண்டு கோழித் துண்டையும் மூன்று பிஸ்கட்டையும் அதில் அடுக்கினாள்.

"என்னங்க, அந்த மூடிய எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.