ஒல்லியான உடலும் நீரிழிவும்

2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் இரு மருத்துவர்களின் ஒளிப்படம் வெளியானது. ஒருவர் புணேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு.

இவ்வேறுபாட்டின் வேர் கருப்பை வரை செல்வதை யாஜ்னிக் குழுவினரின் ஆய்வுகள் காட்டின. புணேயை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ. புணேக் குழந்தைகளுக்குத் தசை குன்றியிருந்தது. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

உணவுக்குப்பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸின் பெரும்பகுதியை ஏற்பது தசையே. தசை குறைந்து, ஈரலிலும் கணையத்திலும் கொழுப்பு படியும்போது இன்சுலினின் வினைத்திறன் மங்குகிறது. அதை ஈடுகட்டக் கணையத்தின் பீட்டா செல்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அதனால் பல ஆண்டுகள் சர்க்கரை அளவு இயல்பாகவே இருக்கும். அச்செல்கள் தளர்ந்த பின்னரே அளவு ஏறுகிறது. நோய் கண்டறியப்படும் நாள், நோய் தொடங்கிய நாள் அன்று.

ஆகவே, ஒல்லியானவருக்குச் சோதனை எதற்கு என்று விட்டுவிடுவது பிழை. இனிப்பைத் தின்று தேடிக்கொண்ட நோய் என்று நோயாளியைப் பழிப்பதும் பிழை. எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பதே இந்தியர்க்கான எல்லை. வரும் தலைமுறையின் நீரிழிவைத் தடுக்கும் பணியோ, இன்றைய வளரிளம்பெண்ணின் உணவுத் தட்டில் தொடங்குகிறது.