மீனம்பாக்கத்திலிருந்து விம்கோ நகர் வரை

ஹல்துமுல்லையிலிருந்து சென்னைக்குப் போகிறவர் விமானத்தில் உட்காரும் நேரத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு நேரத்தை அதற்கு முன்பே தரையில் கழித்துவிடுகிறார். பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கு பஸ். இல்லையென்றால் அப்புத்தளைக்கு ஏறிப்போய் இரவுத் தபால் ரயில். கோட்டையில் இறங்கியதும் பயணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு 187ஆம் இலக்க பஸ்ஸைத் தேடவேண்டும். கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் வந்துவிடுகிறது.

வைத்தியம், யாத்திரை, கல்யாணச் சேலை, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு அக்கரைக்குப் போன சொந்தங்கள் என்று மலையகத்தவர் சென்னைக்குப் போவதற்குக் காரணங்கள் பல. அன்று போனவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். இன்று போகிறவர் விமான நிலைய வாசலில் டாக்சிக்காரர்களின் கூப்பிடுதலைத் தாண்டி, நடைபாலம் ஏறி, மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் போகலாம்.

சென்னை மெட்ரோவின் நீல வழித்தடம் இங்கிருந்துதான் வடக்கே புறப்படுகிறது. ஏறத்தாழ 32 கிலோமீட்டர், 26 நிலையங்கள். விமான நிலைய மெட்ரோ நிலத்துக்கு மேலே, தூண்களின் மீது நிற்கிறது. மீனம்பாக்கம், நங்கநல்லூர் சாலை, ஆலந்தூர், கிண்டி, சின்னமலை வரைக்கும் ரயில் வீட்டு மொட்டைமாடிகளின் உயரத்திலேயே ஓடுகிறது. வலப்பக்கமோ இடப்பக்கமோ ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பரங்கிமலையையும் கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகளையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

புதிதாக வருகிறவர் கவனிக்கவேண்டிய இடம் ஆலந்தூர். நீலமும் பச்சையும் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. இரண்டுமே சென்ட்ரலுக்குத்தான் போகின்றன. பச்சை மட்டும் கோயம்பேடு, அண்ணாநகர் என்று சுற்றிக்கொண்டு போகும். கோயம்பேட்டில் பஸ் பிடிக்கவேண்டியவர் மாறலாம். சென்ட்ரலுக்குப் போகிறவர் இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது.

விமான நிலையத்துக்கும் சின்னமலைக்கும் இடையே ரயில் ஓடத்தொடங்கியது 2016 செப்டெம்பர் 21இல். அப்போது சின்னமலையோடு பாதை முடிந்துவிட்டது. விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்துவிட்டது என்று பேச்சு. ஆனால் நகரத்தின் நடுவுக்குப் போவதற்கு அதில் வழியில்லை. சைதாப்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டை டிஎம்எஸ் வரையான சுரங்கம் 2018 மே மாதமும், அங்கிருந்து அண்ணா சாலை, சென்ட்ரல் வழியாக வண்ணாரப்பேட்டை வரையானது 2019 பெப்ரவரி 10ஆம் திகதியும்தான் திறந்தன. மேலே தூண் நட்டு ஓட்டியதைவிட கீழே துளைத்து ஓட்டியதுதான் பெரும் பாடு.

சின்னமலையைத் தாண்டியதும் ரயில் சரிவில் இறங்குகிறது. ஜன்னல் கறுத்துப்போகிறது. அடையாற்றின் அடியில் புகுந்து சைதாப்பேட்டையில் நிற்கிறது.

சுரங்கம் மலையகத்தவருக்குப் புதிதல்ல. ஹல்துமுல்லைக்கு மேலே இதல்கஸ்ஹின்ன நிலையத்தின் இரு பக்கமும் சுரங்கம்தான். அப்புத்தளைக்குப் பாதை வந்தது 1893இல். வெடிவைத்து, கல்லை உடைத்து, கையால் அள்ளிய காலம் அது. மலையில் ஒரு வசதி உண்டு: பாறை தானாக நிற்கும். சென்னையின் அடியில் ஓரிடத்தில் களிமண், அடுத்த இடத்தில் மணல், அதற்கடுத்தாற்போல் கருங்கல். சுரங்கம் தோண்டும் இயந்திரம் மண்ணைக் குடைந்து முன்னேற முன்னேற, பின்னாலேயே கொங்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டே போகவேண்டும். மண்ணின் தன்மை திடீரென்று மாறினால் இயந்திரம் திணறும். மேலே சாலை உள்வாங்கும்.

அப்படி ஒன்று 2017 ஏப்ரல் 9ஆம் திகதி நடந்தது. அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே சாலை பிளந்து, ஒரு மாநகர பஸ்ஸும் பக்கத்தில் வந்த காரும் பள்ளத்தில் இறங்கின. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நெரிசல் குறைவு. பயணிகள் உயிர் தப்பினார்கள். அதற்கு முன்பே ஒப்பந்தக்காரர் ஒருவர் இடைநடுவில் விலக, வேலை மாதக்கணக்கில் முடங்கியும் கிடந்தது. இன்று தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்ஐசி, அரசினர் தோட்டம் என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிலையமாகக் கடந்துபோகிறவருக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை.

கூவம் ஆற்றின் அடியிலும் புகுந்து வெளிப்பட்டால் சென்ட்ரல். இந்தத் தடத்தின் இதயம் இதுதான். 1873இல் கட்டிய பழைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, ரிப்பன் மாளிகையின் பக்கத்தில், நிலத்தடியில் ஆழமாகத் தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். நீலத்துக்கு ஒரு தளம், பச்சைக்கு ஒரு தளம், மேலே பயணச்சீட்டுத் தளம். நடைமேடையின் ஓரத்தில் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்று, அதன் கதவுக்கு நேரே கண்ணாடிக் கதவும் வந்து பொருந்தினால்தான் இரண்டும் திறக்கும். தண்டவாளத்தில் யாரும் விழ முடியாது, குளிரூட்டிய காற்றும் சுரங்கத்துக்குள் வீணாகாது. மேலே ஏறினால் பெங்களூர், கோயம்புத்தூர், டில்லி என்று நாடெங்கும் போகும் ரயில்கள். எதிரே பூங்கா நிலையத்தில் தாம்பரம் மின்சார ரயில். பக்கத்தில் ‘பறக்கும் ரயில்’ என்ற மேல்மட்ட உள்ளூர் ரயில். விமானத்தில் வந்தவர் மழையில் நனையாமல் கோயம்புத்தூர் வண்டியைப் பிடிக்கலாம், அங்கிருந்து நீலகிரியில் குடியேறிய தாயகம் திரும்பியோரின் ஊர்களுக்கும் போகலாம்.

விமான நிலையத்தை நகரத்தோடு இணைப்பதில் டில்லி வேறு வழியில் போனது. அங்கே 2011இல் விமான நிலையத்துக்கென்றே தனி விரைவுத் தடம் போட்டு, தனியாரிடம் நடத்தக் கொடுத்தார்கள். 2012இல் தூண்களுக்கு மேலே பாலத்தைத் தாங்கும் பகுதிகளில் கோளாறு கண்டு மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. 2013இல் தனியார் நிறுவனம் கைவிட, டில்லி மெட்ரோவே எடுத்து நடத்தத் தொடங்கியது. சென்னையில் விமான நிலையம் ஊர்த்தடத்தின் ஒரு முனை மட்டும்தான். அதே பெட்டியில் நந்தனத்துக்கு வேலைக்குப் போகிறவரும், உயர்நீதிமன்றத்தில் வழக்கு உள்ளவரும், சிங்கப்பூரிலிருந்து இறங்கியவரும் ஒன்றாக நிற்கிறார்கள். 2021இல் உச்சக் கட்டணத்தை 70 ரூபாவிலிருந்து 50 ஆகக் குறைத்ததும் இந்தக் கூட்டத்தை நம்பித்தான்.

சென்ட்ரலோடு இறங்கிவிடுகிறவர்கள் பாதித் தடத்தைத்தான் பார்க்கிறார்கள். அடுத்து உயர்நீதிமன்றம், மண்ணடி; அங்கே இறங்கி நடந்தால் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடைபோட்ட பர்மா பஜார். வண்ணாரப்பேட்டையைத் தாண்டித் தண்டையார்பேட்டை வரை சுரங்கம்; பிறகு ரயில் மறுபடி மேலே ஏறுகிறது. 2021 பெப்ரவரி 14இல் திறந்த இந்த 9 கிலோமீட்டர்தான் வடசென்னைக்குள் மெட்ரோவை மேலும் நீட்டியது. திருவொற்றியூர்த் தேரடி நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது தியாகராஜர் கோயில் தேர். விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்தது ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. பணிமனை நிலையத்தோடு தடம் முடிகிறது.

முதற்கட்ட மெட்ரோவின் செலவில் பெரும்பங்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்கா (JICA) தந்த கடன். அதே ஜெய்க்கா கோட்டைக்கும் மாலபேக்கும் இடையே இலகு ரயில் போடக் கடன் தர ஒப்பந்தம் செய்தது. 2020இல் இலங்கை அதை இரத்துச் செய்தது. கட்டுநாயக்கவுக்கு 2013இல் அதிவேக நெடுஞ்சாலை வந்தது, புத்தளம் பாதையில் பழைய ரயில் நிலையமும் இருக்கிறது. பதுளை ரயிலில் வந்தவரை விமான முனைய வாசலில் இறக்கிவிடும் ரயில் மட்டும் இல்லை. கோட்டையிலிருந்து கட்டுநாயக்க முனையம் வரை, இடையில் உள்ள ஊர்களிலும் நின்று போகும் சாதாரண ரயில் ஒன்று போதும். சுரங்கம்கூட வேண்டியதில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் மலையகப் பிரதிநிதிகள் கேட்கவேண்டியவற்றின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.